மொதல்ல வந்த கெட்ட சேதிக்குப் பின்னால ஓடுனவனுக்கு

மணி, கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போயி பிராது எழுதிக் கட்டலாம்னுதான் இந்தப் பேப்பர எடுத்து வச்சேன். மனசுல இருக்கற குறைய எழுதி அங்க கட்டிட்டு வந்துட்டா சாமி விசாரிச்சுக்கும், ஊரே அப்பிடித்தான் பண்ணுது. எழுத உக்காந்தப்பதான் தோணுச்சு, தப்பு பண்ணவன் ப்ளாக்கு பத்தொம்போதுல ஃபேன் போட்டுகினு படுத்துகினு இருக்கான், அவனுக்கு எழுதாம சாமிக்கு எதுக்கு எழுதணும், சாமிக்கு வேற வேல இல்லியான்னு. அதனால உனக்கே எழுதறேன். அஞ்சாங் கிளாசு கையி, கோணலாத்தான் இருக்கும், படிச்சுக்கோ. நீ மட்டும் மூலையில உக்காந்து படிச்சுட்டு சட்டப் பையில மடிச்சு வச்சுடாத. உன் பொண்டாட்டி விஜயா, அவ தம்பி முருகேசன், உன் சித்தப்பா மவன் கண்ணன், எல்லாரையும் சுத்தி உக்கார வச்சு சத்தமாப் படி. நடுவுல உனக்குக் கோவம் வரும். வந்தா தண்ணி குடிச்சுட்டு மேல படி.

உங்கம்மா செத்த நாள்லேருந்து உன்னயும் உன் தங்கச்சி கஸ்தூரியையும் நான்தான் வளத்தேன். மொறைக்கு அத்த, ஆனா உங்க ரெண்டு பேருக்கும் பால் சோறு பெசஞ்ச கையி இது. அந்தக் கஸ்தூரிக்குக் கல்யாணம் முடிஞ்சு ஒன்ற மாசம் ஆவுது. மறுவூட்டுக்கு அனுப்பல. ஆடி மாசத்துக்காவது அனுப்புவாங்களான்னு தெரியல. போன வாரம் ஒரு கடுதாசி போட்டிருந்தா. "அத்த, இங்க யாரும் என்னத் திட்டல. யாரும் என் கூடப் பேசறதில்ல, அவ்வளவுதான்"னு எழுதியிருக்கா. அந்த ஒரு வரிய நான் எத்தினி வாட்டி படிச்சேன்னு முருகனுக்குத்தான் தெரியும். உன் கிட்ட காட்டுனா நீ என்னா சொன்ன? "மாப்ளையோட தாய்மாமன், அந்தக் கெழவனுக்குத் திமிரு அத்த, வேணும்னே கல்யாணத்துக்கு வராம எங்கள அசிங்கப்படுத்திட்டான்"னு சொல்லிட்டு மீசையத் தடவிகின. எந்தக் கெழவன் வந்தான், எந்தக் கெழவன் வரலன்னு உனக்கு என்னா தெரியும்? உனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாம பாத்துக்கினதே நீதான்.

கல்யாணத்துக்கு மொத நாளு காலைல வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துகினு நீ வேல பிரிச்ச அழக நான் பாத்தேன். மைன்ஸ்ல ஷிப்ட்டுக்கு ஆளு பிரிக்கற மாதிரியே கையில ஒரு பேப்பரு, காதுல ஒரு பென்சிலு. முருகேசன் பண்ருட்டிக்குப் போயி சமையல்காரரையும் அவரு ஆளுங்களையும் கூட்டியாரணும். கண்ணன் டாக்சி எடுத்துகினு பஸ் ஸ்டாண்டு போயி பத்து மணி பஸ்ஸுல வர மாப்ளையோட தாய்மாமன அழைச்சாரணும். இன்னொருத்தன் வாழ மரம், இன்னொருத்தன் தாலி. மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்னு சொல்லிட்டு பேப்பர மடிச்ச பாரு, அப்ப உன் மூஞ்சியில இருந்த பெரும உங்க மைன்ஸ் எஞ்சினீரு மூஞ்சியில கூட இருக்காது. நாலு பேர ஒரே நேரத்துல நாலு பக்கம் அனுப்பறத நான் குத்தம் சொல்லல. ஒண்ணு முடிச்சு ஒண்ணுன்னு போனா கஸ்தூரிக்கு நர மொளச்ச பொறவுதான் தாலி ஏறும். ஆனா அனுப்புன ஒடனே வேல முடிஞ்சிபோச்சுன்னு நெனைக்கறான் பாரு, அவன என்னான்னு சொல்றது. "எதனா கோளாறு ஆனா யாரு கிட்ட வந்து சொல்லணும்"னு ஒரு வார்த்த சொன்னியா? எல்லாரும் உன் கிட்ட வந்து சொல்லணும்னா நீ அந்த நாற்காலிய வுட்டு எழுந்திருக்கக் கூடாது இல்ல?

எழுந்த. மொதல்ல திரும்பி வந்தவன் முருகேசன். "மச்சான், சமையல்காரருக்குக் காலு பிசகிடுச்சாம், வரலியாம்"னான். இந்த முருகேசன் கதைய அவன் எதுக்கவே சொல்றேன், கேட்டுக்கட்டும். இவன் பண்ருட்டியில அந்தாளு வூட்டுக்குள்ளயே போவல. தெருவுல பக்கத்து வூட்டுக்காரன் "அவருக்குக் கால் சரியில்லப்பா"ன்னு சொன்னத கேட்டுகினு அடுத்த பஸ்ஸப் புடிச்சு ஓடி வந்துட்டான். அர சேதி. அந்த அர சேதிய முழுசா நம்பி நீ ஸ்கூட்டர ஒதச்சுகினு பண்ருட்டிக்குக் கெளம்பிட்ட. போறப்ப வாசல்ல ஒருத்தர நிறுத்திட்டுப் போனியா? மத்த மூணு பேரு வந்தா என்னா பண்ணணும்னு விஜயா கிட்ட சொல்லிட்டுப் போனியா? இல்ல. வூடு எரியுதுன்னு கேட்டவன் மாதிரி ஓடுன. நீ போன கொஞ்ச நேரத்துல சமையல்காரரோட தம்பி ஆறு ஆளுங்களோட, அண்டா குண்டா கரண்டியெல்லாம் தூக்கிகினு வாசல்ல வந்து நிக்கறான். "அண்ணனுக்குக் கால் சரியில்லீங்க, நான் வந்துட்டேங்க"ன்னு. உன் பொண்டாட்டி மகராசி, "அவரு வேற ஆளு பாக்கப் போயிட்டாருங்க"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சுட்டா. நீ மூணர மணிக்கு ஒருத்தனக் கூட்டியாந்த. அவன் வச்ச ரசத்த சாம்பாருன்னு நெனைச்சு ஊரே ரெண்டு வாட்டி ஊத்திகினு சாப்பிட்டுது. அது போவட்டும். சோறு ஒரு நாளு சமாச்சாரம்.

கண்ணன் கதைக்கு வரேன். பத்து மணி பஸ்ஸுல பெரியவரு வரல. அடுத்த பஸ்ஸுலயும் வரல. அவரு ஏறுன வண்டி வழியில பஞ்சராயி நின்னுகினு இருந்திருக்கு, இது இவனுக்கு எப்பிடித் தெரியும்? நிக்கலாமா, அவங்க ஊரு வரைக்கும் போயிப் பாக்கலாமான்னு உன்னக் கேக்க டாக்சியோட வூட்டுக்கு வந்தான். நீ இல்ல. "அவரு வர வரைக்கும் இரு"ன்னு விஜயா சொல்லிட்டா. இவன் நாற்காலி அடுக்கிகினு நின்னான். அந்த நேரத்துலதான் பெரியவரு பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்கியிருக்காரு. "கார் வரும், நீங்க எங்கயும் நவுராதீங்க"ன்னு கடுதாசி போட்டவன் நீ. உங்க டவுன்ஷிப்புல எந்த ப்ளாக்கப் பாத்தாலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி வூடு, வெளியூரு மனுசன் எங்கன்னு போயித் தேடுவாரு? நவுராம உக்காந்திருக்காரு, மஞ்சப் பையில மாப்ளைக்குக் கட்ட வேண்டிய பட்டத்த வச்சுகினு. தாய்மாமன் கையால நெத்தியில பட்டம் ஏறாம நம்மள்ல எந்த மாப்ளயாவது மணையில உக்காருவானா? அந்தப் பட்டம் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்துகினு இருந்துச்சு.

நீ திரும்பி வந்ததும் கண்ணன் சொல்லியிருக்கலாமேன்னு கேப்ப. வந்ததும் நீ என்னா பண்ண? முருகேசன வாசல்ல நிறுத்தி, பந்தக்காரன், பாத்திரம் கழுவறவ எல்லாரும் பாக்க, "சோறு திங்கத்தான் நீ லாயக்கு, உன்ன நம்புனேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும்"னு கால் மணி நேரம் ஆடுன. ஆடி முடிச்சுட்டு அதே கண்ணோட கண்ணன் பக்கம் திரும்பி, "நீ போன வேல என்னாடா ஆச்சு?"ன்ன.

"ஆச்சுண்ணே."

"ஆளு எங்க?"

"மாப்ள வூட்டுக்காரங்களோட ஒண்ணாவே வந்துடறாராம்ணே."

"நல்லதாப் போச்சு, டாக்சிய நான் எடுத்துகினு போறேன், தாலிக்குப் போனவன் இன்னும் வரல"ன்னு வண்டிய நீ எடுத்துகினு போயிட்ட. நீ போன பொறவு ஓடிப் போயிக் கூட்டியாந்துடலாம்னு நெனைச்சவன், வண்டி இல்லாம நின்னான். சைக்கிள எரவ வாங்கிகினு போயி சேர்றதுக்குள்ள பெஞ்சு காலி. இத அவன் எங்கிட்ட சொன்னது போன திங்கக்கெழம, அழுதுகினு. இந்த எடத்துல நீ அவன நிமுந்து பாக்காத, பேப்பரப் பாரு. அவன் சரின்னு சொன்ன பொறவுதான் எழுதறேன்.

மாப்ள அழைப்புல என்னா நடந்துச்சுன்னு உனக்கே தெரியும். மாப்ளையோட அம்மா கார வுட்டு எறங்குன ஒடனே, "எங்கண்ணன் எங்கங்க? காலைலயே வந்திருப்பாரே"ன்னு கேட்டாங்க. நீ பல்லக் காட்டிகினு, "உங்க கூடத்தான வராருன்னு சொன்னாங்க"ன்ன. அந்தம்மா மூஞ்சி அப்ப செத்துச்சு. விடிஞ்சு முகூர்த்தம், யாரோ ஒரு பங்காளி, கடையில வாங்குன பட்டத்தக் கட்டுனான். அந்தம்மா முந்தானையால வாயப் பொத்திகினு நின்னுச்சு. பந்தியில நீ மீசையத் தடவிகினு எல்லார் கிட்டயும் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுங்க"ன்னு சொல்லிகினு திரிஞ்ச. என்னாத்த முடிஞ்சுது? உனக்கு வந்து சேந்த கெட்ட சேதி ஒண்ணு. வராத கெட்ட சேதி ஒண்ணு. வந்தத வச்சுகினு கணக்குப் போட்டுட்ட.

ஒரு நாளு சோறு தின்னுகினே எங்கிட்ட பீத்திகின ஞாபகம் இருக்குதா? மைன்ஸ்ல பழுப்பு நெலக்கரி போற பெல்ட்டு ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஓடும் அத்த, முன்னால இருக்கற ஒரு பெல்ட்டு நின்னா அதுக்குக் கொட்டற பெல்ட்டெல்லாம் தானா நின்னுடும், இல்லன்னா கரி மல மாதிரி குவிஞ்சிடும்னு. நானும் அட அப்பிடியான்னு வாயப் பொளந்து கேட்டேன். அந்த பெல்ட்டுக்கு இருக்கற புத்தி போர்மேன் சாருக்கு இல்லியே. சமையல் நின்னுச்சுன்னு தெரிஞ்ச ஒடனே அதனால மத்த எந்த வேல நிக்கும், எவன் உன்னத் தேடிகினு வந்து நிப்பான், எவனுக்குச் சேதி சொல்லணும்னு ஒரு நிமிசம் நின்னு யோசிச்சியா? இன்னொண்ணும் சொன்ன, ஷிப்ட்டு மாறும்போது நோட்டுல எல்லாத்தையும் எழுதணும், கெட்டுப்போனத கண்டிப்பா எழுதணும், எழுதாம போனாத்தான் சஸ்பெண்டுன்னு. கெட்டுப்போனத எழுதுனவன அங்க யாரும் செருப்பால அடிக்கறதில்ல இல்ல? அதனாலதான் எழுதறான். உன் வூட்டுல எவன் எழுதுவான்? கண்ணன் கான்ட்ராக்ட்டு ஆளு. எஞ்சினீரு கிட்ட சொல்லி பர்மனென்ட்டு வாங்கித் தரேன்னு மூணு வருசமா அவன உன் பின்னால நாய் மாதிரி அலைய வுட்டு வச்சிருக்க. அவன் வந்து உங்கிட்ட "நான் போன வேல நடக்கல"ன்னு சொல்லுவானா? அவன் வாய நீதான் தச்ச. தச்சுட்டு, சேதி வரல, சேதி வரலன்னா எப்பிடி வரும்?

இவ்வளவு ஏசறாளே, இவ என்னா யோக்கியமான்னு நீ கேக்கலாம். கேக்கணும். இத உங்கிட்ட இத்தினி வருசமா சொல்லல, இன்னைக்கி எல்லாரையும் உக்கார வச்சுத்தான் சொல்றேன். கஸ்தூரிக்காக உங்கம்மாவுக்கு வலி எடுத்தது பட்டப் பகல்ல. நானும் மூணு பேர மூணு பக்கம் அனுப்புனேன். ஒருத்தன் பக்கத்து ஊரு மருத்துவச்சியக் கூட்டியார, ஒருத்தன் சைக்கிள்ல ஆஸ்பத்திரி ஜீப்புக்கு, ஒருத்தன் மைன்ஸ் கேட்டுல உங்கப்பனுக்குச் சேதி சொல்ல. மொதல்ல வந்தவன் மருத்துவச்சிக்குப் போனவன். "அது வேற ஊருக்குப் பிரசவத்துக்குப் போயிட்டுது"ன்னான். அத கேட்டதும் எனக்குக் கையும் காலும் ஓடல. மாட்டு வண்டியக் கட்டச் சொல்லி, உங்கம்மாவத் தூக்கிப் போட்டுகினு, உன்னயும் இடுக்கிகினு, விருத்தாசலம் மண் ரோட்டுல கெளம்பிட்டேன். வூட்டப் பூட்டிட்டேன். ஒரு ஆள வாசல்ல வுட்டுட்டு வரல. ஏரிக் கரையத் தாண்டறதுக்குள்ள கஸ்தூரி பொறந்துட்டா. ரத்தம் நிக்கல. விருத்தாசலம் ஆஸ்பத்திரி வாசல்ல உங்கம்மா கையி என் கையிலதான் இருந்துச்சு, ஆனா சில்லுன்னு ஆயிடுச்சு.

ஜீப்பு வரல, வந்திருந்தா பொழைச்சிருப்பான்னு உனக்குச் சொன்னேன். உங்கப்பனுக்கும் அதத்தான் சொன்னேன். ஜீப்பு வந்துச்சு மணி. தார் ரோட்டு வழியா நர்சோட வந்து, பூட்டுன வூட்டப் பாத்துட்டு, கொஞ்ச நேரம் நின்னு ஹாரன் அடிச்சுப் பாத்துட்டு, திரும்பிப் போச்சு. சைக்கிள்ல போனவன் மறுநாளு எங்கிட்ட சொன்னான். "எந்தம்பி காதுல போட்டுடாத, என்ன வெட்டிப் போட்டுடுவான்"னு அவன் கையப் புடிச்சுகினேன். உங்கப்பன் சாவற வரைக்கும் அந்த ஜீப்பு டிரைவரத் திட்டிகினே இருந்தான், நான் தினமும் வெளக்கேத்தி அங்காளம்மன் முன்னால நின்னுகினு, வாயத் தெறக்கல. எவ்வளவு சாமி கும்புட்டு என்னா பிரயோஜனம். கண்ணன் உனக்குப் பயந்து மறைச்சான், நான் உங்கப்பனுக்குப் பயந்து மறைச்சேன். கண்ணன் மறைச்சது ஒன்ற மாசம். நான் மறைச்சது உன் தங்கச்சி வயசு. அந்தப் பொண்ணு இப்ப பேச ஆளில்லாம ஒரு வூட்டுல உக்காந்துகினு இருக்கா. அவ வண்டியில பொறந்தப்பவும் எவனும் முழு சேதி சொல்லல, அவ கல்யாணத்துலயும் சொல்லல. அதனாலதான் என் ஒடம்புல இவ்வளவு வெசம்.

முந்தாநேத்து நான் தனியா அந்தப் பெரியவர் ஊருக்குப் போயிட்டு வந்தேன். உங்கிட்ட கேக்கல, கேட்டா அதுக்கும் ஒரு ஆள அனுப்பியிருப்ப. விருத்தாசலம் தாண்டி எட்டாவது ஸ்டாப்பிங்கு. முந்திரித் தோப்புக்குப் பக்கத்துல வூடு. என்னப் பாத்ததும் துண்ட எடுத்துத் தோளுல போட்டுகினு, "வாங்கம்மா"ன்னாரு, மரியாதைக்குக் கொறச்சல் இல்ல. நீ சொன்ன திமிரு எந்த மூலையிலயும் எனக்குத் தென்படல. கண்ணன் கதைய அப்பிடியே சொன்னேன், கூட்டல, கொறைக்கல. அவரு வூட்டம்மா மோரு கொண்டாந்து வச்சாங்க.

"கார் வரலன்னு எனக்குக் கோவம் இல்லம்மா"ன்னாரு. "கல்யாண வூட்டுல ஆயிரம் நடக்கும். ஒருத்தன் வந்து, அய்யா தப்பு நடந்துபோச்சு, வண்டி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நடந்தே வந்திருப்பேன். நாலு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன், ஒருத்தனும் வரல. வேணாம்னுட்டாங்கன்னு நெனைச்சுகினேன்."

"இப்பவாவது நீங்க வந்து அந்தப் பட்டத்த உங்க கையால கட்டணும்ங்க"ன்னேன். "எங்க பொண்ணு மூஞ்சிக்காக."

"உங்க தம்பி மவன் வரட்டும். அவரு வாயால நான் கேக்கணும். பொறவு நானே எந்தங்கச்சி கிட்ட சொல்லிப் பொண்ண அனுப்பச் சொல்றேன்"னாரு. அதுக்கு மேல அந்த மனுசன் ஒண்ணுமே கேக்கல. நீ மன்னிப்பு கேக்கணும்னு கூடச் சொல்லல, நடந்தத சொல்லுன்னுதான் கேக்கறாரு.

திரும்பி வந்தா விஜயா சொல்றா, நீ மறுபடியும் பேப்பரு பென்சிலு எடுத்துட்டியாம். முருகேசன் மாப்ளையோட அப்பா கிட்ட, உன் மாமனாரு மாப்ள கிட்ட, கூட வேல செய்யற ஒருத்தன் அந்தம்மா கிட்ட, கண்ணன் பழத் தட்டோட பெரியவர் கிட்ட, ஞாயித்துக்கெழம ஒரே நேரத்துல. ஒவ்வொருத்தன் கிட்டயும் ஒவ்வொரு சமாதானம். நீ வூட்டுல உக்காந்துகினு எவன் மொதல்ல வரான்னு பாக்கப் போற. அங்க ஒருத்தரு சரின்னு சொல்ல, இங்க ஒருத்தரு முடியாதுன்னு சொல்ல, அவங்க நாலு பேரும் ஒண்ணா உக்காந்து உன் நாலு கதையையும் சேத்து வச்சுப் பாத்தாங்கன்னா கஸ்தூரி கதி என்னா? உனக்கு வெக்கமா இல்லியா. அந்தப் பேப்பரக் கிழிச்சு அடுப்புல போடு. எல்லா வேலைக்கும் ஆளு அனுப்ப முடியாது. சில வேலைக்கு நீதான் போவணும். நாளப்பின்ன உன் புள்ளைங்களுக்குக் கல்யாணம் காட்சின்னு வரும், அப்ப பத்து பேர அனுப்பு, வேணாங்கல. ஆனா பத்தாவது ஆளு வாயத் தெறக்கற வரைக்கும் எடத்த வுட்டு நவுராத. கெட்ட சேதியோட வரவனுக்கு மொதல்ல ஒரு சொம்பு மோரக் குடு. அவன் குடிச்சு முடிக்கறதுக்குள்ள உன் கோவம் எறங்கும், பின்னால வரவன் அதப் பாத்துட்டு உண்மையச் சொல்லுவான்.

வெள்ளிக்கெழம காலைல எட்டு மணிக்கு விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுல நான் நிப்பேன். நீ வா. கண்ணனக் கூட்டிகினு வா, பக்கத்துல உக்கார வச்சுகினு வா. ஷிப்ட்டு மாத்த முடியலியோ, இல்ல உங்கம்மா சேதிய இப்பிடி எழுதிட்டாளேன்னு என் மூஞ்சியிலயே முழிக்கப் புடிக்கலியோ, அதுவும் உன் இஷ்டம், நான் தாங்கிப்பேன். வரலன்னா வரலன்னு ஒரு ஆள் மூலமாவது சொல்லி அனுப்பு. சும்மா இருந்துடாத. நான் அந்தப் பெரியவரு மாதிரி நாலு மணி பஸ்ஸுல ஏறிப் போயிட மாட்டேன். ரெண்டுல ஒண்ணு என் காதுல வுழற வரைக்கும் அங்கயே நிப்பேன்.

அத்த